லைசென்ஸில் பொயின்ட்ஸ் விழுந்தால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? பிரித்தானியாவில் கார் ஓடுபவர்களுக்கு

எனக்கு முதல் தடவை பொயின்ட்ஸ், அதாவது போக்குவரத்துக் குற்றத்துக்கு லைசென்ஸில் ஏறும் புள்ளிகள், விழுந்தது 30 மைல் றோட்டில் 37இல் போனதற்கு. பெரிய வேகமில்லை, பின்னால் வந்த வான்காரன் என்னை முந்தத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வேகத்துக்கு வழக்கமாக, பொயின்ட்ஸுக்குப் பதிலாக வேகத்தைப் பற்றிய ஒரு வகுப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்புவார்கள், எனக்கும் அனுப்பினார்கள். நான் அதை பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் செருகிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், அதற்கு மேல் பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், அதற்கு மேல் பல் டொக்டரின் கடிதம் என்று ஏறி ஏறி, கடைசியில் எடுத்துப் பார்த்தபோது தேதி போய்விட்டிருந்தது. 100 பவுண் அபராதம், மூன்று பொயின்ட்ஸ். கட்டினேன், தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். அடுத்த வருட இன்சூரன்ஸ் கடிதம் வந்தபோதுதான் விளங்கியது, அந்த 100 பவுண் வெறும் முற்பணம் என்று.

பொயின்ட்ஸ் என்றதும் எங்கள் ஆட்கள் பலர் லைசென்ஸ் பறிபோவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட முடியாது, அது உண்மை. ஆனால் அநேகமானோர் 12 வரைக்கும் போவதில்லை. மூன்றோ ஆறோ வாங்கிக்கொண்டு, அதற்காக ஐந்து வருடம் இன்சூரன்ஸில் காசு கட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் குறைக்க வழி இருக்கிறது, அதைவிட முக்கியமாக அதைப் பல மடங்காக்கும் சில பிழைகளும் இருக்கின்றன.

கம்பனி எதைப் பார்க்கிறது

எத்தனை பொயின்ட்ஸ் என்பதைவிட எதற்கு விழுந்தது என்பதுதான் கம்பனிக்கு முக்கியம். லைசென்ஸ், கார் பதிவுகளைப் பார்க்கும் அரச அலுவலகமான டி.வி.எல்.ஏ.யின் பதிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும், இன்சூரன்ஸ் படிவம் கேட்பதும் அதைத்தான். எஸ்.பி.30 என்றால் சாதாரண றோட்டில் வேக எல்லையைத் தாண்டியது, எஸ்.பி.50 என்றால் மோட்டர்வேயில், ரி.எஸ்.10 என்றால் சிவப்பு விளக்கில் நிற்காமல் போனது. இவையெல்லாம் ஆகக் குறைந்தது மூன்று பொயின்ட்ஸ், பழைய எஸ்.பி.30 ஒன்றே ஒன்று இருந்தால் சில கம்பனிகள் அதைப் பெரிதாக எடுப்பதும் இல்லை. சி.யு.80 வேறு கதை. அது போனைக் கையில் வைத்திருந்தது, 2017 மார்ச்சிலிருந்து அதற்கு 6 பொயின்ட்ஸும் 200 பவுணும், 2022 மார்ச்சில் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள், இப்போது ட்ராபிக்கில் நிற்கும்போது பாட்டு மாற்றினாலும் படம் எடுத்தாலும் அகப்பட்டதுதான். ஐ.என்.10 என்பது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியது, 6 முதல் 8 வரை. டி.ஆர்.10 குடித்துவிட்டு ஓடியது, அதற்குக் குறைந்தது 12 மாதத் தடை, பதிவில் 11 வருடம் கிடக்கும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரிடமும் 6 பொயின்ட்ஸ், ஒருவருக்கு இரண்டு எஸ்.பி.30, மற்றவருக்கு ஒரு ஐ.என்.10. நீதிமன்றக் கணக்கில் இருவரும் ஒன்று. இன்சூரன்ஸ்காரனுக்கு அப்படியில்லை. முதலாமவர் அவசரக்காரர், இரண்டாமவர் இன்சூரன்ஸே எடுக்காமல் ஓடிய ஆள், அவருக்கு விலை சொல்லவே மறுக்கும் கம்பனிகள் இருக்கின்றன.

அடுத்தது, இந்த ஏற்றம் எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை, பெருக்கல் கணக்கு. வயது, போஸ்ட்கோட், கார், அனுபவம் எல்லாம் சேர்ந்து ஒரு அடிப்படைத் தொகை வரும், குற்றத்துக்கான ஏற்றம் அதன்மேல்தான் விழும். சும்மா கணக்குக்கு 10 வீதம் ஏறுகிறது என்று வையுங்கள்: 500 பவுண் கட்டும் ஐம்பது வயதுக்காரருக்கு 50 பவுண், 2,500 கட்டும் இருபது வயதுப் பெடியனுக்கு 250. அதே கமரா, அதே வேகம். இதற்கு மேல் 12 வீதம் இன்சூரன்ஸ் வரியும் இருக்கிறது, பிரீமியம் ஏற அதுவும் சேர்ந்து ஏறும்.

நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் பண்ணாத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவை, இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். பொயின்ட்ஸ் விழுந்தால் அது குறையாது, கிளெய்ம் பண்ணினால்தான் குறையும். பார்க்கிங் டிக்கெட், லண்டன் பஸ் லேனில் போனதற்கு கவுன்சில் அனுப்பும் அபராதம், லண்டன் நடுப்பகுதிக்குள் ஓடுவதற்கான கொஞ்செஸ்சன் கட்டணம் கட்டாததற்கு வருவது, இவற்றுக்கெல்லாம் பொயின்ட்ஸ் கிடையாது, இன்சூரன்ஸுக்குச் சொல்லவும் தேவையில்லை. கவுன்சில் கடிதத்தையும் பொலிஸ் கடிதத்தையும் ஒன்றாக நினைத்து, தேவையில்லாமல் படிவத்தில் “ஆம்” என்று போட்ட ஆளையும் எனக்குத் தெரியும்.

கடிதம் வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது

கமரா பிடித்தால் காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 14 நாளுக்குள் பொலிஸ் கடிதம் அனுப்பவேண்டும், யார் ஓடியது என்று 28 நாளுக்குள் நீங்கள் பதில் போடவேண்டும். இந்தப் பதிலைப் போடாமல் விடுவதுதான் இருக்கிறதிலேயே மோசமான பிழை. போடாவிட்டால் அது எம்.எஸ்.90 என்ற தனிக் குற்றம், 6 பொயின்ட்ஸ், நீதிமன்றம் 1,000 பவுண் வரை அபராதமும் போடலாம். வேகத்துக்கு மூன்றோடு போயிருக்க வேண்டியது. இன்சூரன்ஸ் கம்பனிகளுக்கு எம்.எஸ்.90 கண்ணில் காட்டக் கூடாது, எதையோ மறைக்கிற ஆள் என்றுதான் அதைப் பார்ப்பார்கள்.

இதில் எங்கள் ஆட்கள் விழுவது வேண்டுமென்று இல்லை, வீடு மாறுவதால். வாடகை வீடு மாறினோம், வங்கிக்குச் சொன்னோம், பள்ளிக்கூடத்துக்குச் சொன்னோம், காரின் வி5 பதிவில் பழைய விலாசம் அப்படியே. கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், வழக்கு நடந்து முடிந்து, அபராதம் அறவிடுபவர்கள் தேடி வரும்போதுதான் சங்கதி தெரியும். வி5இலும் லைசென்ஸிலும் விலாசத்தை இன்றைக்கே மாற்றுங்கள், ஒன்லைனில் சும்மா செய்யலாம், காசில்லை. ஏற்கனவே இப்படி மாட்டியிருந்தால், வழக்கு நடந்ததே தெரியாது என்று நீதிமன்றத்தில் சத்தியப் பிரகடனம் கொடுத்துத் தீர்ப்பை நீக்கிவைக்க முடியும், ஆனால் தீர்ப்பைப் பற்றித் தெரியவந்து 21 நாளுக்குள் செய்யவேண்டும்.

“மனிசியின் பெயரைப் போடு, அவளுக்குப் பொயின்ட்ஸ் இல்லைதானே” என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூனும் அவருடைய முன்னாள் மனைவி விக்கி பிரைஸும் 2013இல் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை வாங்கியது இதற்குத்தான், பத்து வருடத்துக்கு முந்திய ஒரு ஸ்பீடிங் கடிதத்தில் ஆள்மாறிப் போட்டதற்கு.

சரி, பதில் போட்டாயிற்று. வேகம் கொஞ்சமாக இருந்தால் வகுப்பு கிடைக்கலாம். பொலிஸ் வழமையாகப் பார்க்கும் அளவு, எல்லையோடு 10 வீதமும் 2 மைலும் கூட்டினால் வருவதில் தொடங்கும்: 30 றோட்டில் 35 முதல் 42 வரை, 20 றோட்டில் 24 முதல் 31 வரை. இது அவர்களுடைய வழிகாட்டல், சட்டம் இல்லை, 31இலும் பிடிக்கலாம். அண்மைய மூன்று வருடத்துக்குள் ஒரு ஸ்பீடிங் வகுப்புக்குப் போயிருந்தால் திரும்பத் தரமாட்டார்கள். வகுப்புக்கான காசு அபராதத்தோடு பெரிய வித்தியாசமில்லை, அதனால் “அதே காசுதானே, அரை நாளை ஏன் வீணாக்குவான்” என்று சிலர் மூன்று பொயின்ட்ஸை எடுத்துவிடுகிறார்கள். வகுப்புக்குப் போனால் பொயின்ட்ஸ் இல்லை, குற்றப் பதிவு இல்லை, “கடந்த 5 வருடத்தில் ஏதாவது குற்றம் உண்டா” என்ற கேள்விக்கு “இல்லை” என்று போடலாம். வகுப்புக்குப் போனீர்களா என்றே தனியாகக் கேட்கும் கம்பனிகள் சில உண்டு, கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. என்னைப் பொறுத்தவரை கணினிக்கு முன்னால் இருந்து கழிக்கும் அந்தச் சில மணித்தியாலங்கள்தான் இந்த நாட்டில் உழைக்கக்கூடிய ஆகச் சுலபமான காசு, நான் அதை பிரிட்ஜ் கதவில் விட்டேன்.

ஊரில் இருபது வருடம் ஓடியவரும் இங்கே புதியவர்தான்

இலங்கை, இந்திய லைசென்ஸில் இங்கே குடியிருக்கத் தொடங்கி 12 மாதம் வரை ஓடலாம், அதற்குப் பிறகு முடியாது, மாற்றித் தரவும் மாட்டார்கள், சோதனை எழுதி ஓடிக் காட்டவேண்டும். 12 மாதம் தாண்டியும் ஊர் லைசென்ஸில் ஓடுபவருக்கு எல்.சி.20, அதாவது சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓடிய குற்றம், விழும், லைசென்ஸ் செல்லாததால் இன்சூரன்ஸும் செல்லாது என்று ஐ.என்.10உம் சேர்ந்து வரலாம். இங்கத்தைய லைசென்ஸே இல்லாத ஆளுக்கும் டி.வி.எல்.ஏ. ஒரு பதிவைத் திறந்து பொயின்ட்ஸை அதில் ஏற்றிவிடும், பிறகு லைசென்ஸ் எடுக்கும்போது அது காத்துக்கொண்டிருக்கும்.

சோதனை பாஸ் பண்ணிய பிறகு முதல் இரண்டு வருடம் இன்னும் கவனம். அதற்குள் 6 பொயின்ட்ஸ் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து, 1995ஆம் ஆண்டுச் சட்டம் அது, வழக்கு வாதம் எதுவுமில்லாமல் டி.வி.எல்.ஏ. தானாகவே எடுத்துவிடும், திரும்ப எல் பலகையில் தொடங்கி இரண்டு சோதனையும் எடுக்கவேண்டும். கொழும்பில் லொறி ஓடியவர், கிளிநொச்சியில் பஸ் ஓடியவர் என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. ஒருமுறை போனைக் கையில் எடுத்தாலே 6, முடிந்தது.

சொல்வதா, விடுவதா

படிவத்தில் இருக்கும் கேள்வியைச் சரியாக வாசியுங்கள். அநேகமாக, கடந்த 5 வருடத்தில் உங்களுக்கோ காரில் பெயர் போட்ட மற்றவர்களுக்கோ போக்குவரத்துக் குற்றம், நிலையான அபராதம், தடை ஏதாவது உண்டா என்று கேட்கும். இதில் இரண்டு குழிகள். “நான் கோர்ட்டுக்கே போகவில்லை, தபாலில் 100 பவுண் கட்டினேன், அது எப்படிக் குற்றம்” என்று நினைத்து “இல்லை” போடுவது முதலாவது. நிலையான அபராதமும் பொயின்ட்ஸோடு வந்தால் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது வருடக் கணக்கு. 12 சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு 3 வருடம், டி.வி.எல்.ஏ. பதிவில் கிடப்பது சாதாரண குற்றங்களுக்கு 4 வருடம், இன்சூரன்ஸ் கேட்பது 5 வருடம். நாலு வருடம் முடிந்து பதிவிலிருந்து அழிந்துவிட்டது, ஆகவே சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 5 வருடம் என்று கேட்டால் 5 வருடத்துக்கும் சொல்லவேண்டும். அந்த 5 முடிந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி அது காலாவதியானது, அதற்குப் பிறகு கேட்டாலும் சொல்லத் தேவையில்லை.

படிவம் நிரப்ப முதல் டி.வி.எல்.ஏ. தளத்தில் உங்கள் பதிவைப் பாருங்கள், லைசென்ஸ் இலக்கம், நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், போஸ்ட்கோட் மூன்றும் இருந்தால் போதும். குறியீட்டையும் தேதிகளையும் அதில் இருப்பதுபோலவே எழுதுங்கள். குற்றம் செய்த தேதியும் தீர்ப்புத் தேதியும் வேறு வேறாக இருக்கலாம், எதைக் கேட்கிறார்களோ அதைப் போடுங்கள். ஞாபகத்தில் இருந்து எழுதப் போய் நான் எஸ்.பி.30ஐ எஸ்.பி.50 என்று போட்டு, பிறகு போன் பண்ணித் திருத்த அரை மணித்தியாலம் லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறைக்கலாமா என்றால், லைசென்ஸ் இலக்கத்தைக் கொடுத்தால் கம்பனி டி.வி.எல்.ஏ. பதிவை நேரடியாகவே பார்க்க முடியும். உடனே பார்க்காவிட்டாலும் கிளெய்ம் வரும் அன்று பார்ப்பார்கள், அதுதான் ஆபத்து. 2012ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டப்படி, தெரிந்தே பொய் சொன்னால் பொலிசியையே இல்லை என்று ஆக்கிவிட்டு, கிளெய்மையும் மறுத்து, கட்டிய காசையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவாகப் பிழை விட்டதாக எடுத்தால் விகிதப்படி குறைப்பார்கள்: 900 பவுண் கட்டினீர்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் 1,200 வந்திருக்கும் என்றால், 8,000 பவுண் சேதத்துக்கு 6,000தான் கையில் வரும். நீங்கள் இடித்த மற்றக் காரின் சேதத்தைக் கம்பனி கட்டினாலும், அதை உங்களிடம் திருப்பி அறவிட வழக்குப் போடலாம்.

அதைவிடப் பெரிய தலையிடி, பொலிசி ரத்தானால் “இதற்கு முன் எந்தக் கம்பனியாவது உங்கள் இன்சூரன்ஸை ரத்துச் செய்ததா” என்ற கேள்விக்கு இனிமேல் “ஆம்” போடவேண்டும், பல கம்பனிகள் அந்தக் கேள்விக்கு வருட எல்லையே வைப்பதில்லை. பொயின்ட்ஸ் ஐந்து வருடத்தில் போய்விடும், இது போகாது.

நடு வருடத்தில் பொயின்ட்ஸ் விழுந்தால் உடனே சொல்வதா, புதுப்பிக்கும்போது சொல்வதா என்பது பொலிசிக்குப் பொலிசி வேறு. பொலிசிப் புத்தகத்தில் எதை எப்போது அறிவிக்க வேண்டும் என்ற பகுதியைத் தேடி வாசியுங்கள், அலுப்பாகத்தான் இருக்கும்.

சாப்பாடு டெலிவரி செய்பவர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், ஐ.என்.10 வாங்கும் பலர் இன்சூரன்ஸே இல்லாதவர்கள் இல்லை. ஒழுங்காக மாதாமாதம் கட்டுவார்கள், ஆனால் அது சொந்தப் பாவனைக்கும் வேலைக்குப் போய்வரவும் மட்டும் செல்லும் இன்சூரன்ஸ். வெள்ளி, சனி இரவில் நாலு பேருக்குப் பீட்சா கொண்டுபோனால் அது கூலிக்கு ஓடுவது, அதற்கு வேறு இன்சூரன்ஸ் வேண்டும். பொலிஸ் மறித்து, பின் சீட்டில் டெலிவரிப் பையைக் கண்டால் கேள்வி ஒன்றுதான் வரும். 300 பவுண், 6 பொயின்ட்ஸ், காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். மணித்தியாலக் கணக்கில் எடுக்கக்கூடிய டெலிவரி இன்சூரன்ஸ் இப்போது இருக்கிறது, பகுதி நேரமாக ஓடுபவர்கள் அதையாவது எடுங்கள்.

விழுந்த பிறகு விலையைக் குறைப்பது

முடிவுத் தேதிக்கு மூன்று, நாலு கிழமைக்கு முன்பே விலை பாருங்கள், கடைசி நாளில் பார்ப்பவனுக்கு விலை கூடத்தான் சொல்வார்கள். ஒரு கம்பனி எஸ்.பி.30ஐக் கண்டுகொள்ளாது, இன்னொன்று அதற்கே விலையைத் தூக்கி வைக்கும், எனவே பொயின்ட்ஸ் இருக்கும்போதுதான் ஒப்பிட்டுப் பார்ப்பதில் கூட இலாபம். 2022 ஜனவரியிலிருந்து பழைய வாடிக்கையாளருக்குப் புது ஆளைவிடக் கூடிய விலை சொல்லக் கூடாது என்று விதி வந்துவிட்டது, ஆனால் அது அந்தக் கம்பனிக்குள் மட்டும்தான், பக்கத்துக் கம்பனி இன்னும் மலிவாக இருக்கலாம். ஐ.என்.10, டி.ஆர்.10 போன்றவை இருந்தால் ஒப்பீட்டுத் தளங்களோடு மினக்கெடாமல் இப்படியானவர்களுக்கென்றே இருக்கும் புரோக்கர் ஒருவரிடம் போவது நல்லது, பிபா என்ற பிரித்தானிய இன்சூரன்ஸ் புரோக்கர்கள் சங்கத்தில் கேட்டால் ஆளைக் காட்டுவார்கள்.

பொயின்ட்ஸ் இல்லாத, அனுபவமுள்ள ஒருவர் உண்மையாகவே அந்தக் காரை ஓடுவாரென்றால் அவர் பெயரையும் சேர்த்து விலை பாருங்கள், சில நேரம் குறையும். மறுபக்கம், எப்போதாவது ஓடும் மச்சானின் பெயர் சும்மா கிடந்தால், அவருடைய சி.யு.80 உங்கள் பிரீமியத்தை ஏற்றிக்கொண்டிருக்கலாம், எடுத்துவிடுங்கள். மகன் ஓடும் காரை அப்பாதான் பிரதானமாக ஓடுகிறார் என்று போடுவது மோசடி, மேலே சொன்ன ரத்துக் கதைதான் அதற்கும். எக்ஸஸைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் விபத்தென்றால் கையிலிருந்து போடக்கூடிய தொகையாக இருக்கட்டும். இளம் ஆட்களுக்கு, ஓடும் விதத்தைப் பதிந்து கம்பனிக்கு அனுப்பும் கறுப்புப் பெட்டி உதவும். மாதாமாதம் கட்டினால் வட்டி சேரும், ஏறிய பிரீமியத்துக்கு ஏறிய வட்டி.

கடைசியாக ஒன்று. ஐந்து வருடம் முடியும் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், கம்பனி தானாக அதை எடுத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு ஆறாவது வருடப் புதுப்பிப்புக் கடிதம் வந்தபோது, இரண்டாம் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அந்த எஸ்.பி.30 அப்படியே குந்திக்கொண்டிருந்தது. போன் பண்ணி, தேதியைச் சொல்லி எடுக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை இரண்டு நிமிடம் தட்டச்சுச் செய்துவிட்டு, விலை குறைந்திருக்கிறது, புதுக் கடிதம் அனுப்புகிறேன் என்றாள்.